நெல்லின் வேரும் யூரியா மூட்டையும்

ஸ்ரீ கெம்பாங்கானில் நெல் வயல் கிடையாது. பழைய ஈயச் சுரங்கப் பள்ளம் ஏரியாகிவிட்டது. அதைச் சுற்றிக் கடைவீடுகளும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன. ஆனாலும் மலேசிய நெல்லைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர்கள் அதிகம் இல்லை. ஒட்டினாற்போல் இருக்கும் செர்டாங்கில்தான் 1931-இல் வேளாண் பள்ளி திறக்கப்பட்டது. அது பிறகு கல்லூரியாகி, 1971-இல் பல்கலைக்கழகமாகி, இன்று புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் என்ற பெயரில் நிற்கிறது. 1969-இல் அமைந்த மார்டி வேளாண் ஆய்வு நிறுவனமும் பக்கத்திலேயே இருக்கிறது. நம் வயல்களில் விளையும் எம்.ஆர். வரிசை நெல் ரகங்கள் மார்டி தந்தவை. உம்மே அமினுன் நாஹர், ராட்ஸியா ஓத்மான், ஸுல்கிப்ளி ஷம்சுடின் உள்ளிட்ட பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தஞ்சோங் காராங் நெல் வட்டாரத்து மண்ணிலிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, 2009-இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். வேரையொட்டியே தழைச்சத்து தயாரானால் யூரியா மூட்டையில் எவ்வளவு குறைக்கலாம்? அந்த உழைப்புக்குப் பின்னால் இருந்த கேள்வி இதுதான். நெல், கோதுமை, மக்காச்சோளம் மூன்றிலும் உலகம் முழுக்க இதே கேள்வி கேட்கப்படுகிறது. கிடைத்த விடைகளில் எது வயலுக்கு வந்துவிட்டது, எது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்ட இடங்களில் விவசாயிதான் நட்டப்பட்டிருக்கிறார்.

மூட்டையிலிருந்து தொடங்குவோம். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும், அதன் இரண்டு அணுக்கள் இறுகப் பிணைந்திருப்பதால் பயிருக்கு அது எட்டாது. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் அந்தப் பிணைப்பைப் பிரித்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்கு விரித்தார். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இந்த வழியில் வரும் நைட்ரஜனை நம்பியிருக்கிறது. நம் நாட்டில் பிந்துலு, குருண், சிப்பித்தாங் ஆகிய இடங்களில் இயற்கை எரிவாயுவிலிருந்து யூரியா தயாராகிறது. எரிவாயு விலை ஏறினால் உர விலையும் ஏறும். உக்ரேன் போர் மூண்ட 2022-இல் உலகம் அதைக் கண்கூடாகப் பார்த்தது.

ஐம்பது கிலோ யூரியாவில் 23 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. வயலில் விழுந்தபின் அது எங்கே போகிறது? உலகத் தானியப் பயிர்களின் கணக்கை எடுத்துப் பார்த்த ரான், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள், இடும் நைட்ரஜனில் சுமார் 33 விழுக்காடுதான் தானியத்தில் போய்ச் சேர்கிறது என்று 1999-இல் எழுதினார்கள். தண்ணீர் நிற்கும் நெல் வயலில் இந்த இழப்பு நடக்கும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. தூவிய யூரியாவை மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி சில நாட்களுக்குள் அம்மோனியமாக மாற்றிவிடுகிறது. பகலில் பாசி வளர்ந்து தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறும், உச்சிவெயிலில் பி.எச். அளவு 9-ஐத் தாண்டுவதும் உண்டு. அந்த நிலையில் அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது. இன்னொரு பங்கு நைட்ரேட்டாக மாறி, காற்றோட்டமில்லாத அடிச்சேற்றுக்கு இறங்குகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைத் திரும்பவும் நைட்ரஜன் வாயுவாக்கிவிடுகின்றன. வழியில் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகக் கசிகிறது. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு வலிமையானது. பயிர் அளவுக்கு மீறி உறிஞ்சிக்கொண்டாலும் நன்மையில்லை. இலை கரும்பச்சையாகி, தண்டு தளர்ந்து, குலைநோயும் புகையானும் எளிதில் பற்றிக்கொள்ளும். கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாய்ந்துவிடும்.

இந்த ஓட்டப்பந்தயத்தில் நைட்ரஜன் தப்பிப்பதற்கு முன் அதைப் பிடிக்க வேண்டியது வேர். தூர் கட்டிய ஒரு நெல் குத்தைச் சேற்றோடு பிடுங்கி வாய்க்கால் தண்ணீரில் அலசினால் வேரின் நிலைமை கண்ணுக்கே தெரியும். புதிதாக விட்ட வேர்கள் வெள்ளை வெளேரென்று இருக்கும். சற்று முதிர்ந்தவை செம்பழுப்பாக இருக்கும். மேலே படிந்திருப்பது உண்மையான இரும்புத் துருதான். நெல், இலை வழியாகப் பெற்ற ஆக்சிஜனைத் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியே கீழே அனுப்புகிறது. அது வேர்த்தோலைத் தாண்டிச் சேற்றுக்குள் கசியும்போது, சேற்றில் கரைந்துள்ள இரும்பு துருவாகிப் படிகிறது. வேர்கள் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், அங்கே ஆக்சிஜன் போதவில்லை, ஹைட்ரஜன் சல்ஃபைடு வேரைக் கொல்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட வயலில் எத்தனை மூட்டை கொட்டினாலும் எடுத்துக்கொள்ள ஆளில்லை. மேலுரம் போடுவதற்கு முன் வேரின் நிறத்தைப் பார்க்கும் பழக்கம் இருந்தாலே பல கிலோ யூரியா மிச்சமாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

வேரிலிருந்து கசியும் இந்த ஆக்சிஜனால், சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் காற்றுள்ள மண்ணும் காற்றில்லாத மண்ணும் அருகருகே அமைகின்றன. வேர் சர்க்கரையையும் அமிலங்களையும் வெளியே விடுகிறது. அவற்றை உண்டு வாழும் நுண்ணுயிர்களில் சில, காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரஜனேஸ் நொதியை வைத்திருக்கின்றன. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் 1963-இல் தொடங்கிய நீண்டகாலச் சோதனை வயல் இன்றும் பேசப்படுவதற்கு இதுவே காரணம். அங்கே நைட்ரஜன் உரமே போடாத பாத்திகளும், போகத்துக்குப் போகம் வற்றிப்போகாமல் விளைந்துகொண்டிருக்கின்றன. அரை நூற்றாண்டு உலகக் கணக்கைத் திரட்டிய ஜக்தீஷ் லதாவும் உடனாய்வாளர்களும், பயறுச் செடியின் துணையில்லாமலே நெல் வயலில் எக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 22 கிலோ நைட்ரஜன் இப்படிச் சேர்கிறது என்று 2016-இல் மதிப்பிட்டார்கள். மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் அது சுமார் 13 கிலோ. ஒரு டன் நெல் விளைய, பயிருக்கு 15 முதல் 20 கிலோ நைட்ரஜன் தேவை. அப்படியென்றால் யாரும் கேட்காமலே, விலையில்லாமலே, ஏறத்தாழ ஒரு டன் நெல்லுக்கான தழைச்சத்தை வேரடி நுண்ணுயிர்கள் தந்துவருகின்றன.

இதைப் பெருக்கும் முயற்சிக்குத் தமிழ்நாட்டில் நெடிய அனுபவம் உண்டு. பிரேசிலில் யோஹன்னா டோபெரைனர் 1970-களில் புல்லினப் பயிர்களின் வேரில் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவைக் காட்டியபின், கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதை நெல்லுக்குக் கொண்டுவந்தது. 200 கிராம் பொட்டலம் வேளாண் விரிவாக்க மையங்களில் கிடைக்கும். விதையோடு கலப்பார்கள், நாற்றின் வேரை அதன் கரைசலில் நனைத்து நடுவார்கள், தொழுவுரத்தோடு சேர்த்துத் தூவுவார்கள். பலன் வயலுக்கு வயல் மாறியது. பொட்டலம் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா செத்துவிடும். வயலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களோடு அது போட்டியிடவும் வேண்டும். பலன் கிடைத்த இடங்களில்கூட, காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தந்ததைவிட, வேரை வளர்க்கும் ஊக்கியைச் சுரந்து பக்கவேர்களையும் வேர்த்தூவிகளையும் பெருக்கியதே பெரிய உதவி என்பது பின்னர்த் தெரிந்தது. இதில் குறை சொல்ல எதுவுமில்லை. வேர் பெருகினால், போட்ட உரம் வீணாகாமல் பயிரில் சேரும்.

எது காற்றிலிருந்து வந்தது, எது மூட்டையிலிருந்து வந்தது என்று பிரித்தறிய நல்ல வழி ஒன்று உண்டு. இயற்கை நைட்ரஜனில் 0.37 விழுக்காடு அளவே இருக்கும், அணு எடை 15 கொண்ட கனமான ஐசோடோப்பைச் செறிவூட்டிய உரத்தை மண்ணில் இடுவார்கள். செடியில் அது எந்த அளவுக்கு நீர்த்துப்போயிருக்கிறது என்று அளந்தால், காற்றின் பங்கு தெரிந்துவிடும். செம்பனை வேரில் வாழும் யு.பி.எம்.பி. 10 என்ற பேசில்லஸ் வகையைச் செர்டாங் ஆய்வாளர்கள் இந்த முறையில்தான் சோதித்தார்கள். சந்தையில் விற்கும் உயிர் உரங்களில் இந்தச் சோதனையைக் கடந்தவை எத்தனை என்று வாங்குபவர் கேட்க வேண்டும்.

தஞ்சோங் காராங் மண்ணில் தொடங்கிய வேலைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. உம்மே அமினுன் நாஹர் வங்காளதேசத்தில் காஸிப்பூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உடனாய்வாளர்களோடு சேர்ந்து, காய்கறிக் கழிவு மக்கு, உமிக்கரி, பாஸ்பேட் பாறைத்தூள், நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் ஆகியவற்றைக் கலந்த உயிர்-அங்கக உரத்தை உருவாக்கினார். அதை இட்டால் யூரியாவில் 30 விழுக்காட்டையும் சூப்பர் பாஸ்பேட்டை முழுவதுமாகவும் விளைச்சல் குறையாமல் விட்டுவிடலாம் என்று 2021-இல் அந்தக் குழு எழுதியது. வெறும் பாக்டீரியாவைப் பொட்டலத்தில் தருவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. மக்கும் கரியும் சேரும்போது, பாக்டீரியாவுக்கு இருப்பிடமும் வேருக்குப் பொலபொலப்பான மண்ணும் சேர்ந்தே கிடைக்கின்றன. நம் நாட்டிலும் அமிலச் சல்ஃபேட் மண்ணில், செர்டாங்கின் ஜே. ஷம்சுடின் குழுவினர் சுண்ணாம்பையும் உயிர் உரத்தையும் சேர்த்தே சோதித்தார்கள். அலுமினியம் வேர்நுனியைக் கருக்கும் மண்ணில் அந்த அமிலத்தை அடக்காமல் தழைச்சத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அடுத்து, எல்லோரும் கனவு காணும் வழி: நெல்லே பயறுபோல் வேர்முடிச்சு விடுவது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு வேர்முடிச்சை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் கன்றுகளுக்கு இடையே பியூராரியா, கலப்பகோனியம் கொடிகளைப் படரவிட்டதும், பிற்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த முக்குனா செம்பனைத் தோட்டங்களை மூடியதும் இதற்காகத்தான். கொடியைப் பிடுங்கினால் வேரில் சிறு சிறு உருண்டைகள் தெரியும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு, நைட்ரஜனேஸைக் கெடுக்கும் ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி வைக்கும் புரதத்தின் நிறம். நெல்லில் அந்த அறையும் இல்லை, அந்தப் புரதத்துக்கான ஏற்பாடும் இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 16 ஏ.டி.பி. ஆற்றல் மூலக்கூறுகள் செலவாகும், அந்தச் செலவைச் செடியின் சர்க்கரைதான் ஈடுகட்ட வேண்டும். என்றாலும் அடித்தளம் கொஞ்சம் இருக்கிறது. வேர்ப்பூஞ்சையை உள்ளே அழைத்துக்கொள்ள நெல் பயன்படுத்தும் சமிக்ஞைப் பாதையையே பயறுச் செடிகள் வேர்முடிச்சு பாக்டீரியாவான ரைசோபியத்துக்கும் பயன்படுத்துகின்றன. இங்கிலாந்தில் ஜைல்ஸ் ஓல்ட்ராய்ட் குழு, கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியோடு 2012-இலிருந்து இந்தப் பாதையைத் தானியங்களுக்குப் பழக்க முயல்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸிலும் இதே தடத்தில் நல்ல முன்னேற்றம் கண்டிருக்கிறார்கள். ஆனால் வயலில் நட்டு அறுக்கும் நெல் இதிலிருந்து இன்னும் வரவில்லை. அதை நம்பி இன்றைய உரக்கொள்கையை வகுப்பது சரியாகாது.

இயற்கையே காட்டிய இடைவழி எனக்கு இதைவிட நம்பிக்கை தருகிறது. மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்து மிஹே மலைப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டுவரும் ஒருவகை மக்காச்சோளம், தண்டின் மேற்கணுக்களிலும் வேர் விடுகிறது. அந்தக் காற்றுவேர்களிலிருந்து கொழகொழப்பான பசை சொட்டுகிறது. அந்தப் பசைக்குள் வாழும் பாக்டீரியாக்கள், செடியின் நைட்ரஜனில் 29 முதல் 82 விழுக்காடு வரை காற்றிலிருந்து தருவதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. முடிச்சு இல்லாமலே, பசையைக் கொண்டே ஆக்சிஜனைத் தள்ளிவைக்கும் வழி இது. 2022-இல் கலிபோர்னியாவின் டேவிஸில் எடுவார்டோ புளும்வால்ட் குழு நெல்லில் மரபணுத் திருத்தம் செய்து, வேர் அப்பிஜெனின் என்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கும்படி செய்தது. அந்தப் பொருள், மண்ணிலுள்ள பாக்டீரியாக்களைத் தங்களைச் சுற்றிப் பசைப்படலம் பின்னத் தூண்டுகிறது. ஏறத்தாழ அதே உபாயம்தான்.

நைட்ரஜனைத் தயாரிக்காமல், இருப்பதைக் காப்பாற்றும் வேர்களும் உண்டு. களிமண்ணின் எதிர்மின் பரப்பில் அம்மோனியம் ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட் ஒட்டாமல் ஓடிவிடும். ஆகவே அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களின் வேகத்தை வேரே தணித்தால், பாதி இழப்பு கதவுக்கு முன்பே நின்றுவிடும். ஜப்பானின் ஜிர்காஸ் ஆய்வு மையத்தில் ஜி.வி. சுப்பாராவ் இதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். பிரக்கியாரியா புல்லின் வேர் சுரக்கும் பிரக்கியலாக்டோன் என்ற அத்தகைய பொருளை அவர் குழு 2009-இல் அடையாளம் கண்டது. ஒரு காட்டுப்புல்லின் குரோமோசோம் துண்டைக் கோதுமைக்குள் கொண்டுவந்து, அதன் வேரும் அவ்வாறே செயல்படுவதை 2021-இல் காட்டினார்கள். நெல்லின் வேரே 1,9-டெக்கேன்டையால் என்ற தடுப்புப் பொருளைச் சுரப்பதை நான்ஜிங் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். ரகத்துக்கு ரகம் அந்தச் சுரப்பு மாறுகிறது. நம் எம்.ஆர். ரகங்களில் எது எவ்வளவு சுரக்கிறது என்று செர்டாங்கில் வரிசையாகச் சோதித்துப் பார்ப்பது, செலவு அதிகமில்லாத, பயன் நிச்சயமான வேலை. புதிய ரகம் தேர்வதற்குக் கதிரை எண்ணுகிறோம், அரிசியின் நீளத்தை அளக்கிறோம். வேர் என்ன சுரக்கிறது என்பது அந்தப் பட்டியலில் ஏற வேண்டும்.

வேரின் வடிவத்துக்கும் பங்குண்டு. பிலிப்பைன்ஸின் மேட்டுநில ரகமான கினான்டாங் பட்டோங்கிலிருந்து டி.ஆர்.ஓ. 1 என்ற மரபணுவை யூசாகு உகா குழு 2013-இல் எடுத்து ஐ.ஆர். 64 நெல் ரகத்துக்குள் வைத்தது. மேலாகப் பரவும் அதன் வேர்கள் செங்குத்தாக இறங்கின. முதலில் வறட்சிக்காகச் செய்த வேலை அது. அடுத்த ஆண்டே, தண்ணீர் நிற்கும் வயலிலும் அதனால் நைட்ரஜன் உறிஞ்சலும் விளைச்சலும் கூடுவதைக் கண்டார்கள். நமக்கு இது நேரடியாகப் பொருந்தும். மூடா முதல் தஞ்சோங் காராங் வரை நம் வயல்களில் பெரும்பாலும் நேரடி விதைப்புதான். மேற்பரப்பில் தூவிய விதை மேலாகவே வேர் பிடிக்கும். கொஞ்சம் தழைச்சத்து கூடினாலும் சாய்ந்துவிடும்.

வேர் மாறும்வரை காத்திருக்காமல், உரத்தை வேரிடம் கொண்டுபோவதும் ஒரு வழி. வங்காளதேசத்தில் யூரியாவைப் பெரிய உருண்டைகளாக்கி, நான்கு குத்துகளுக்கு நடுவே ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு யூரியா மிச்சமாகிறது, விளைச்சலும் குறைவதில்லை. நட்ட வயலுக்குத்தான் அது எளிது. தூவி விதைத்த வயலில் இயந்திரம் வேண்டும். இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டு மேலுரம் போடும் இலை வண்ண அட்டை இதைவிட எளியது. எந்த வயலுக்கும் பொருந்தும். பசுந்தாள் உரத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. தக்கைப்பூண்டும் சணப்பையும் கொளிஞ்சியும் தமிழ்நாட்டு வயல்களுக்கு நெடுங்காலம் தழைச்சத்து தந்தவை. ஆனால் அவற்றுக்கு ஆறேழு வாரங்கள் வயல் காலியாக வேண்டும். இரண்டு ஆண்டில் ஐந்து போகம் என்ற இலக்கு பேசப்படும் நாட்டில் அந்த இடைவெளி எங்கிருந்து வரும்?

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை அனுபவித்துக் காட்டியது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே ஆணையில் நிறுத்தியது. நவம்பரில் திரும்பப் பெற்றது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. நெல் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் வயலை நம்பியிருந்த குடும்பங்கள் அந்த ஆண்டைக் கடனோடு கடந்தன. பல பத்தாண்டுகளாக யூரியாவுக்குப் பழகிய மண்ணிடம் அதை ஒரே நாளில் பறிப்பது, கால் தேறாதவரின் ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டு நடக்கச் சொல்வதாகும். உரத்தைக் குறைக்க விரும்புகிறவர்கள்தான் அந்த ஆணையைக் கடுமையாகக் கண்டித்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல மண்ணைத் தேற்றிவந்த விவசாயிகளின் பேச்சுக்கும் அதனால் மதிப்புக் குறைந்துவிட்டது.

நம் நாட்டின் சிக்கல் வேறு. அரசாங்கம் 1979-இலிருந்து நெல் விவசாயிகளுக்கு உர மானியம் தருகிறது. எக்டர் கணக்கில் மூட்டைகள் வருகின்றன. ஏழை விவசாயிக்கு அது பெரும் துணை. அதை வெட்டச் சொல்லும் எவரோடும் எனக்கு உடன்பாடில்லை, அதுவும் தேவையான அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில். ஆனால் களிமண்ணுக்கும் கரிமண்ணுக்கும் அமில மண்ணுக்கும் ஒரே அளவு மூட்டை என்பது வேரின் தேவையைக் கேட்காத ஏற்பாடு. அதே பணத்தில் ஒரு பங்கை மண் பரிசோதனைக்கும், சுண்ணாம்புக்கும், இலை வண்ண அட்டைக்கும், சோதித்து உறுதிசெய்த உயிர் உரத்துக்கும் விவசாயி விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தால், யாருடைய வருமானமும் குறையாமல் யூரியா குறையும். இன்று கையிலிருக்கும் வழிகளைச் சேர்த்தாலே கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம் என்பதே என் கணிப்பு. அதற்கு மேல் போக, வேரடியில் தடுப்புப் பொருளும் பசைப்படலமும் சுரக்கும் ரகங்கள் வரவேண்டும்.

எங்கே தொடங்குவது என்பதற்குப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் எளிய முறை ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு வாய்க்கால் பகுதியிலும் ஒரு சிறு பாத்தியைக் கரைகட்டிப் பிரித்து, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் போட்டு, நைட்ரஜனை மட்டும் நிறுத்திவிட வேண்டும். அறுவடையில் அந்தப் பாத்தி தரும் நெல்தான், மண்ணும் வேரடி நுண்ணுயிர்களும் தாமாகத் தந்த தழைச்சத்தின் அளவு. அதற்கு மேல் எத்தனை டன் வேண்டுமோ, டன்னுக்குச் சுமார் 40 முதல் 50 கிலோ நைட்ரஜன் என்று கணக்கிட்டு மூட்டையை முடிவுசெய்யலாம். பயிர் ஒரு டன்னுக்கு எடுப்பதோ 15 முதல் 20 கிலோ. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஒவ்வொரு வாய்க்காலிலும் எவ்வளவு என்று ஆண்டுதோறும் எழுதிவைத்தால், செர்டாங் வெளியிடும் அடுத்த ரகமும் அடுத்த உயிர் உரமும் வேருக்கு உதவினவா என்று விவசாயியே சொல்லிவிடுவார்.